வேறு கம்பெனி பெயரில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் தருகிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

இரவுடெஸ்க்:

வணக்கம். தமிழ் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். பேப்பர் பெயர் வேண்டாம். ஊர் மதுரை. சேர்ந்து எட்டு வருடம் ஆகப் போகிறது.

போன வாரம் ஹெச்.ஆரில் இருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இரண்டு பேப்பர் நீட்டினார்கள். ஒன்று ராஜினாமா கடிதம். "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று அவர்களே டைப் செய்து வைத்திருக்கிறார்கள், தேதி மட்டும் காலியாக இருக்கிறது. இன்னொன்று ஆட்களைச் சப்ளை செய்யும் ஒரு மேன்பவர் கம்பெனியின் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். பதவி "கன்டென்ட் எக்ஸிக்யூட்டிவ்", காலம் ஒரு வருடம். அதே சீட், அதே ஷிஃப்ட், அதே சம்பளம்தான், கவலைப்படாதீர்கள் என்று வாய் வார்த்தையாகச் சொல்கிறார்கள். எழுதித் தரச் சொன்னால் பேச்சை மாற்றுகிறார்கள்.

என் வேலை என்னவென்று சொன்னால்தான் கேள்வி புரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு டெஸ்க்கில் உட்காருவேன். தாலுகாக்களில் இருந்து வாட்ஸ்அப்பில் மேட்டர் கொட்டும். சிலர் முழுசாக டைப் செய்து அனுப்புவார்கள், சிலர் வாய்ஸ் மெசேஜில் மூச்சு விடாமல் சொல்வார்கள். அதில் இறந்தவர் பெயர், வயது, ஊர், எந்த ஸ்டேஷன் என்று பிரித்தெடுத்துச் செய்தியாக்க வேண்டும். வெளியூர்ப் பதிப்புகள் முதலில் முடியும், வண்டி தூரம் போக வேண்டுமே. மதுரை சிட்டிதான் கடைசி. ஒவ்வொரு பக்கத்தையும் பிரின்ட் எடுத்து, தலைப்பில் இருந்து அடிப் பெட்டிச் செய்தி வரை விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் ரிலீஸ் சொல்வேன். ஒரு இனிஷியல் மாறினால் ஒரு குடும்பமே ஆபீஸ் வாசலில் வந்து நிற்கும். அந்தப் பொறுப்பு என்னுடையது. அதற்கு "உதவி ஆசிரியர்" என்றுதான் பெயர்.

கேட்க வேண்டியது மூன்று. கையெழுத்துப் போட்டால் எட்டு வருட கிராஜுவிட்டி என்ன ஆகும்? பத்திரிகைக்காரர்களுக்குச் சம்பளம் நிர்ணயிக்கும் வேஜ் போர்டு என்பது இன்னும் இருக்கிறதா? போடாவிட்டால் என்ன செய்வார்கள்? வீட்டில் வீட்டுக்கடன் ஓடுகிறது, பையன் இரண்டாவது படிக்கிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய_புரூஃப்:

தம்பி, அந்த ராஜினாமா கடிதத்துல மட்டும் கை வைக்காதீங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

நான் பிழைதிருத்துநரா வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். ஈய எழுத்தையும் பார்த்திருக்கேன், கம்ப்யூட்டரையும் பார்த்திருக்கேன். பத்திரிகைக்காரனுக்குன்னு தனிச் சட்டம் 1955ல வந்தது சும்மா வரல. 1952ல ராஜாத்யக்ஷா தலைமையில முதல் பிரஸ் கமிஷன் போட்டாங்க. சம்பளத்துக்கு அளவில்ல, வேலை நேரத்துக்கு அளவில்ல, முதலாளி கோபப்பட்டா மறுநாள் வேலை இல்லன்னு நிலைமை இருந்ததை அந்தக் கமிஷன் எழுதி வச்சது. அதுக்கப்புறம்தான் சட்டம். நாலு வாரத்துக்கு 144 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது. வேலையை விட்டு எடுக்கணும்னா எடிட்டருக்கு ஆறு மாசம், மத்த பத்திரிகையாளருக்கு மூணு மாசம் நோட்டீஸ்னு அந்தச் சட்டத்துல இருந்தது. நைட் ஷிஃப்ட் அஞ்சரை மணி நேரம்தான், அதையும் தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேல போடக் கூடாதுன்னு 1957 விதியில இருந்தது. எத்தனை ஆபீஸ்ல இதை நடத்தினாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

சம்பளத்துக்கு வேஜ் போர்டு. முதல் போர்டு முடிவை முதலாளிங்க கோர்ட்டுக்குக் கொண்டுபோய் 1958ல உடைச்சாங்க. சட்டம் செல்லும், ஆனா சம்பள நிர்ணயத்துல பத்திரிகையோட கொடுக்குற சக்தியைக் கணக்குல எடுக்கலன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. பிறகு ஷிண்டே, பாலேக்கர், பச்சாவத், மணிசானான்னு தலைவருங்க பேர்ல வரிசையா போர்டு வந்தது. பச்சாவத் அரியர் வந்தப்போ எங்க ஆபீஸ்ல மகளுக்குக் கல்யாணம் முடிச்சவங்க உண்டு, மாடி எடுத்தவங்க உண்டு. சங்கம் இருந்தது, கேட்டோம், வந்தது.

கடைசியா மஜீதியா போர்டு வந்தப்போ நிலைமை வேற. 2011 நவம்பர் 11ந் தேதி அறிவிக்கை வந்த அடுத்த வாரமே ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு தாள் வாங்கினாங்க. "இப்போ வாங்குற சம்பளமே எனக்குப் போதும்"னு அதுல இருந்தது. சம்பளக் கவரோட சேர்த்து நீட்டினாங்க. ஊர்ல யாருக்காவது அந்த எண்ணம் தானா வருமா? உங்ககிட்ட நீட்டுற "சொந்தக் காரணம்" கடிதமும் அதே கை எழுதினதுதான்.


கோர்ட்_வளாகம்:

தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறேன். பெரியவர் சொன்னதில் இருந்தே தொடர்கிறேன்.

அவர் சொன்ன அந்தத் தாள், இருக்கும் சம்பளத்திலேயே தொடர ஊழியர் விருப்பம் தெரிவிக்கலாம் என்ற மஜீதியாவின் 20(ஜே) பிரிவைக் காட்டி வாங்கியது. 2014 பிப்ரவரி 7 அன்று உச்ச நீதிமன்றம் மஜீதியா பரிந்துரை செல்லும் என்றது. 2011 நவம்பர் 11 முதல் கணக்கிட்டு, நிலுவையை ஓராண்டுக்குள் நான்கு தவணைகளில் கொடுக்கச் சொன்னது. கொடுக்காதவர்கள் மீது அவமதிப்பு வழக்குகள் போனபோது, 2017 ஜூன் 19 தீர்ப்பில் மூன்று விஷயங்கள் தெளிவாயின. அறிவிக்கப்பட்ட ஊதியத்துக்குக் கீழே சம்மதம் என்று எழுதி வாங்கினால் அது செல்லாது. ஒப்பந்த ஊழியருக்கும் மஜீதியா பொருந்தும். கொடுக்காதது வேண்டுமென்றே செய்த அவமதிப்பு ஆகாது, எனவே பாக்கியை 1955 சட்டத்தின் 17ஆவது பிரிவின் கீழ் ஒவ்வொருவரும் கேட்டு வாங்க வேண்டும். முதல் இரண்டும் நமக்கு வெற்றி. மூன்றாவதில்தான் பலர் களைத்துப் போனார்கள். தொழிலாளர் துறைக்கு மனு, நிர்வாகம் மறுத்தால் தொழிலாளர் நீதிமன்றம், அங்கே வாய்தா மேல் வாய்தா.

இப்போதைய நிலை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டு வந்தது. 1955 சட்டம் அதற்குள் கரைந்து விட்டது. 144 மணி நேரக் கணக்கு புதிய தொகுப்பிலும் இருக்கிறது. டிஜிட்டல், டி.வி. ஊடகத்தில் இருப்பவர்களும் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் வந்திருக்கிறார்கள், இது நல்லது. ஆனால் பத்திரிகைத் தொழிலுக்கென்று தனி வேஜ் போர்டு இனி இல்லை. என் கணக்கில் இது பெரிய இழப்பு. பழைய பாக்கிக்கான உரிமை வேறு விஷயம், அதை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். கிராஜுவிட்டி: மற்றத் தொழிலாளிக்கு ஐந்து வருடம், பத்திரிகையாளருக்கு மூன்று வருடம் முடிந்தாலே உரிமை வந்துவிடும். உங்களுக்கு எட்டு. ராஜினாமா செய்தாலும் அந்தத் தொகை போகாது, 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஆனால் "சொந்தக் காரணம்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்த நிமிஷத்தில் ஆட்குறைப்பு இழப்பீடும் நோட்டீஸ் காலச் சம்பளமும் கேட்கும் வழி அடைபடும். எட்டு வருடத் தொடர்ச்சி அறுந்து, நாளையில் இருந்து நீங்கள் புது ஆள். அடுத்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் கேட்க ஆளில்லை. நிர்வாகத்துக்கு வேண்டியது அதுதான்.

இன்னொன்று. மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்று புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பின் 57ஆவது பிரிவு சொல்கிறது. விலக்குகள் இருக்கின்றன, அதை வைத்து வாதாடுவார்கள். ஆனாலும் ஒரு நாளிதழுக்குச் செய்தியைத் திருத்திப் பக்கம் கட்டுவது மையப் பணி இல்லை என்றால் வேறு எது மையப் பணி?

போடாவிட்டால் என்ன செய்வார்கள்? மறுத்த காரணத்துக்காக நேரடியாக நீக்க முடியாது. டிரான்ஸ்ஃபர் போடுவார்கள். மதுரைக்காரரை வேலூருக்கு அனுப்புவார்கள். அதற்கு மனதளவில் தயாராக இருங்கள். தனியாக மறுக்காதீர்கள்.


நிர்வாகப்பிரிவு:

ஒரு நாளிதழின் விற்பனைப் பிரிவில் மேலாளராக இருந்தேன். எல்லோரும் ஒரு பக்கமே பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேப்பர் விற்கும் விலையில் காகிதச் செலவே முழுதாக வராது. ஏஜென்ட் கமிஷன், வண்டி வாடகை போக மிச்சம் சொற்பம். விளம்பரம்தான் ஓட்டுகிறது. 2019 பட்ஜெட்டில் இறக்குமதி அச்சுக் காகிதத்துக்கு 10 சதவீதம் சுங்கவரி போட்டார்கள், அடுத்த வருடம் 5 ஆகக் குறைத்தார்கள். அதற்குள் 2020 வந்தது. பேப்பரைத் தொட்டால் கொரோனா ஒட்டும் என்று வீட்டுக்கு வீடு சந்தாவை நிறுத்தினார்கள். நிறுத்தியவர்களில் பலர் திரும்பவே இல்லை, செல்போனிலேயே படித்துக்கொள்கிறார்கள். 2022இல் உக்ரைன் போரோடு காகித விலை ஏறியபோது பக்கத்தைக் குறைத்தோம், சப்ளிமெண்ட்டை நிறுத்தினோம். வரிவிளம்பரம் முழுக்க ஆன்லைனுக்குப் போய்விட்டது. அரசு விளம்பரத்துக்கான பணம் வர மாதக் கணக்கில் ஆகும். இந்த நிலையில் 1955ஆம் வருட மனநிலையில் நிரந்தர வேலை கேட்டால் பதிப்பையே மூடுவார்கள். அப்போது எட்டு பேருக்குப் பதில் எண்பது பேர் தெருவில் நிற்பார்கள். நான் அதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.


இரவுடெஸ்க்:

சார், நீங்கள் சொன்ன கஷ்டம் உண்மை. சப்ளிமெண்ட் நின்றபோது அதைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரின் வேலையையும் நான்தான் சேர்த்துச் செய்கிறேன். ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. ஆனால் காகிதத்துக்கு முழு விலை கொடுக்கிறார்கள். மைக்கு, வண்டிக்கு, கரன்ட்டுக்கு முழு விலை. எங்கள் கணக்கை மட்டும் வேறு கம்பெனிப் பெயரில் எழுதுகிறார்கள். சம்பளம் அதே என்கிறார்கள், அப்படியென்றால் இதில் மிச்சமாவது என்ன? எங்களை எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடும் வசதி ஒன்றுதானே? கஷ்டம் என்று வெளிப்படையாகச் சொல்லி, இரண்டு வருடம் இன்க்ரிமென்ட் இல்லை என்றால்கூட நாங்கள் ஒத்துக்கொள்வோம்.


தாலுகா_நிருபர்:

அண்ணே, உங்க டெஸ்க்குக்கு ராத்திரி வாய்ஸ் மெசேஜ் அனுப்புற ஆள் நான்தான்னு வச்சுக்கோங்க. உங்களுக்கு ராஜினாமா கடிதமாவது நீட்டுறாங்க. எனக்கு ராஜினாமா பண்றதுக்குக்கூட ஒரு வேலை இருக்குன்னு காட்ட ஒரு தாள் கிடையாது.

பத்து வருஷத்துக்கு மேல இதே தாலுகா. காலைல ஜி.எச்., அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷன். திங்கட்கிழமைன்னா கலெக்டர் ஆபீஸ் மனுநாள், யாராவது மண்ணெண்ணெய் கேனோட வந்துடுவாங்களோன்னு மத்தியானம் வரைக்கும் வாசல்லயே நிக்கணும். அப்புறம் ஒன்றியக் கூட்டம், கோயில் கும்பாபிஷேகம், பள்ளி ஆண்டு விழா. மழை பெஞ்சா கண்மாய் உடைஞ்ச இடத்துக்கு ஓடணும். சொந்த பைக், சொந்த பெட்ரோல், சொந்த போன். மாசம் ஒரு தொகை போக்குவரத்துப் படின்னு வரும், அது பெட்ரோலுக்கே பத்தாது. வந்த செய்திக்கு நீளம் அளந்து காசு. டெஸ்க்ல இடம் இல்லன்னு வெட்டினா வெட்டின அளவுக்கு எனக்குக் காசும் போச்சு. உங்களைக் குத்தம் சொல்லல அண்ணே, முறை அப்படி இருக்கு.

அப்போ எப்படிப் பிழைக்கிறோம்? விளம்பரக் கமிஷன்ல. தீபாவளி, பொங்கல், தலைவர் பிறந்தநாள், பேப்பர் ஆண்டு மலர்னு டார்கெட் வந்துக்கிட்டே இருக்கும். பேரூராட்சித் தலைவர், ஜவுளிக்கடை, பள்ளிக்கூடத் தாளாளர், கல்குவாரி வச்சிருக்கவர்னு ஒவ்வொரு வாசலா ஏறணும். நான் யாரைப் பத்தி எழுதணுமோ அவங்க வாசல்லதான் நிக்கணும்.

ஒண்ணு சொல்றேன். எங்க ஊர்ல ஒரு வார்டுல குடிதண்ணீர்ல சாக்கடை கலந்துச்சு. குழந்தைங்களுக்கு வாந்தி பேதி. நேர்ல போய் ஒரு வீட்டுக் குடத்துல பிடிச்ச தண்ணியை வெள்ளை டம்ளர்ல ஊத்தி போட்டோ எடுத்து அனுப்பினேன். அடியில கறுப்பா படிஞ்சிருந்தது தெளிவாத் தெரியும். டெஸ்க்ல நல்ல இடம் குடுத்துப் போட்டாங்க. மறுநாள் பத்து மணிக்கு விளம்பரப் பிரிவுல இருந்து போன். "அந்தப் பேரூராட்சி தீபாவளி விளம்பரம் அரைப் பக்கம் கன்ஃபார்ம் ஆகியிருந்தது, இப்போ வேணாங்குறாங்க, நீங்களே போய்ப் பேசி வாங்கிக் குடுங்க"ன்னு. அந்த வார்டு ஜனங்க டீக்கடையில என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. சாயங்காலம் நான் தலைவர் வீட்டுத் திண்ணையில உக்காந்திருந்தேன். விளம்பரம் கிடைக்கல. அந்த மாசக் கமிஷனும் கிடைக்கல. ஆனா பைப்பை மாத்தினாங்க.

"கவர் வாங்குற நிருபர்"னு ஊர்ல ஈஸியா சொல்லிடுறாங்க. வாங்குறவன் இருக்கான், மறுக்கல. வாங்காம இருக்கவன் எப்படிக் குடும்பம் நடத்துறான்னு யாராவது ஒருநாள் கேட்டிருக்காங்களா?


காவிரிக்கரை:

தாலுகா நிருபர் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு சும்மா போக முடியவில்லை.

நான் திருச்சியில் நிருபராக இருந்தவள். பெண்களுக்கு இன்னொரு அடுக்கு இருக்கிறது. கிரைம் பீட் கேட்டேன், "ராத்திரி ஜி.எச். மார்ச்சுவரிக்கெல்லாம் நீங்க எப்படிம்மா போவீங்க" என்று அக்கறையாகப் பேசிக் கோலப்போட்டிப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இன்க்ரிமென்ட் நேரத்தில் "பெரிய ஸ்டோரி ஒன்றும் பண்ணவில்லையே" என்று அதே ஆட்கள் கேட்டார்கள். டெஸ்க் நைட் ஷிஃப்ட்டில் போனபோது ஆபீஸ் வண்டி டிராப் பன்னிரண்டு மணிக்கு ஒரே டிரிப், அதை விட்டால் எதுவும் இல்லை. சிட்டி எடிஷன் அதற்குப் பிறகுதான் முடியும். பக்கத்தை முடிக்காமல் கிளம்பினால் பொறுப்பில்லாதவள், முடித்துவிட்டு நின்றால் ஆட்டோ தேட வேண்டியவள்.

ஒப்பந்த நிறுவனத்துக்கு மாற்றுவதில் பெண்களுக்கு இருக்கும் ஆபத்தை யாரும் சொல்லவில்லை. 2017 திருத்தத்துக்குப் பிறகு பேறுகால விடுப்பு 26 வாரம். ஒரு வருட ஒப்பந்தத்தில் இருக்கும் பெண் கர்ப்பம் என்று சொன்னால் ஒப்பந்தத்தை அப்படியே முடிந்து போக விடுவார்கள். யாரும் நீக்க வேண்டியதே இல்லை. என் தோழி ஒருத்திக்கு அப்படித்தான் நடந்தது. பாலியல் தொல்லைப் புகார் என்றாலும் சிக்கல். எந்தக் கம்பெனியின் உள்ளகக் குழுவில் கொடுப்பது, பேப்பரிலா, மேன்பவர் கம்பெனியிலா என்று அலையவிடுவார்கள். கையெழுத்துப் போடச் சொல்லப்பட்ட பெண்கள் அந்த ஆபீஸில் இருந்தால் இதைக் கட்டாயம் அவர்களிடம் சொல்லுங்கள்.


வலிகாமம்:

வணக்கம். நான் யாழ்ப்பாணம். பிராந்திய செய்தியாளரா கனகாலம் வேலை செய்தனான். உங்கட சட்டங்கள் எனக்குத் தெரியாது, ஆனா தாலுகா நிருபர் தம்பி சொன்ன நிலைமை நல்லாத் தெரியும்.

இஞ்ச போர்க்காலத்தில செத்துப்போன செய்தியாளர்களில கனபேர் பிராந்தியங்களில இருந்து எழுதினவை. மயில்வாகனம் நிமலராஜன் பிபிசிக்கும் வீரகேசரிப் பேப்பருக்கும் ராவய எண்ட சிங்களப் பேப்பருக்கும் செய்தி குடுத்தவர். 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரம், வீட்டில வைச்சுச் சுட்டவை. ஐயாத்துரை நடேசனை 2004 மே 31 மட்டக்களப்பில காலமை வேலைக்குப் போற வழியில சுட்டவை. 2006 மே 2 யாழ்ப்பாணத்தில உதயன் பேப்பர் அலுவலகத்துக்குள்ள ஆயுதத்தோட வந்தவை ரெண்டு ஊழியரைக் கொலை செய்தவை, அவையள் செய்தி எழுதின ஆக்கள்கூட இல்லை, விற்பனை, விநியோகப் பக்கத்தில வேலை செய்தவை. அடுத்த நாளும் பேப்பர் வந்தது.

இதை ஏன் இஞ்ச சொல்லுறன் எண்டால், ஆபத்து வரேக்க முதல்ல கேக்கிற கேள்வி "இவர் ஆருடைய ஆள்?" எண்டதுதான். செய்தி வேணும் எண்டேக்க எங்கட செய்தியாளர். காயப்பட்டால், வழக்கு வந்தால், குடும்பம் உதவி கேட்டால் "அவர் சுதந்திர செய்தியாளர்". இஞ்ச நிரந்தர ஊழியர் எண்டால் உங்கட பி.எஃப். மாதிரியான சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதம், நிறுவனம் 12 வீதம், அதோட நம்பிக்கை நிதி 3 வீதம் கட்டவேணும். செய்திக்குக் காசு வாங்கிறவருக்கு அது ஒண்டும் இல்லை. கடிதம் இல்லாத வேலையை வாங்கிக்கொண்டு, உயிரை மட்டும் பெரிய விலைக்குக் கேக்கினம். இரவுடெஸ்க் தம்பி, உங்கட கையில கடிதம் இருக்கு. அதை விடாதேங்கோ.


தாலுகா_நிருபர்:

ஐயா, நீங்க பட்டதுக்கு முன்னாடி நாங்க பேசுறதெல்லாம் சின்னது. ஆனா அந்த "யாருடைய ஆள்"ங்கிற கேள்வி எனக்கும் வந்திருக்கு.

எங்க ஆத்துல ராத்திரி மணல் அள்ளுற லாரியை போட்டோ எடுத்து அனுப்பினேன். நம்பர் பிளேட் தெரியுற மாதிரி வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு பைக்கை வழிமறிச்சு அடிச்சாங்க, இடது கை மணிக்கட்டு உடைஞ்சுது. புகார் குடுத்தேன். அவங்க பதிலுக்கு, நான் பணம் கேட்டு மிரட்டினதா என் மேலயே ஒரு புகார் குடுத்தாங்க. இன்ஸ்பெக்டர் எங்க ஆபீஸுக்கு போன் பண்ணி "இவர் உங்க நிருபரா"ன்னு கேட்டிருக்கார். "அவர் எங்கள் ஊழியர் அல்ல, செய்தி கொடுப்பவர்"னு பதில் போயிருக்கு. அந்த வாரம் என் செய்தி "நமது நிருபர்"னு போட்டு வந்துக்கிட்டுதான் இருந்தது. ஸ்டேஷன்ல அந்தப் பேப்பரையே எடுத்துக் காட்டினேன். அவர் என்ன செய்வார், ஆபீஸ்ல அப்படிச் சொல்லிட்டாங்களே.

வழக்கு அப்புறம் ஒண்ணும் இல்லாம போச்சு. ஆஸ்பத்திரிச் செலவு என் மச்சான் குடுத்தது. நலவாரியம், அரசு ஓய்வூதியம்னு விசாரிச்சேன். எல்லாத்துக்கும் நிர்வாகத்தோட பணிச் சான்று வேணும். இல்லாத வேலைக்கு யார் சான்று குடுப்பா? நான் இன்னும் எழுதிக்கிட்டுதான் இருக்கேன். இதை விட்டா இந்தத் தாலுகாவுல நடக்குறதை எழுத வேற ஆள் வரப்போறதில்ல.


கோர்ட்_வளாகம்:

தாலுகா நிருபர், நீங்கள் நினைக்கிற அளவுக்கு உங்கள் கை வெறுங்கை இல்லை. ஒருவர் ஊழியரா இல்லையா என்பதை அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் மட்டும் முடிவு செய்வதில்லை. யார் வேலை சொல்கிறார், யார் மேற்பார்வை பார்க்கிறார், யார் பணம் தருகிறார், வேறு இடத்துக்கு வேலை செய்ய விட்டார்களா என்றெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். பத்திரிகை வேலையை முதன்மைத் தொழிலாகக் கொண்டவர் என்று காட்ட முடிந்தால் வாதாட இடம் இருக்கிறது. சுலபம் என்று சொல்ல மாட்டேன். பகுதி நேரம் என்றுதான் அவர்கள் எதிர்வாதம் வைப்பார்கள்.

அதனால் இன்றைக்கே ஆரம்பியுங்கள். டெஸ்க்கில் இருந்து "இந்த இடத்துக்குப் போங்க", "இதை அஞ்சு மணிக்குள் அனுப்புங்க" என்று வந்த வாட்ஸ்அப் மெசேஜ்களை வேறு இடத்தில் சேமியுங்கள், போன் தொலைந்தால் எல்லாம் போகும். பாங்க் ஸ்டேட்மென்ட்டில் பேப்பரிடம் இருந்து பணம் வந்த வரிகள். விளம்பர டார்கெட் கேட்டு வந்த மெயில். பி.ஆர்.ஓ. (மாவட்ட மக்கள் தொடர்பு) அலுவலகத்துக்கு நிர்வாகம் அனுப்பிய நிருபர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் அதன் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஊழியர் அல்ல என்று போலீசிடம் சொன்ன நிர்வாகம், பிரஸ் பாஸ் வாங்க எங்கள் நிருபர் என்று எழுதிக் கொடுத்திருந்தால், அந்த ஒரு தாள் போதும் வழக்கின் போக்கை மாற்ற.


நிர்வாகப்பிரிவு:

மணல் லாரி விஷயத்தில் அந்த நிர்வாகம் செய்தது தவறு. அதற்கு எந்தக் காகித விலையும் சாக்கு ஆகாது. நான் இருந்த இடத்தில் தாலுகா நிருபர்களுக்கு விபத்துக் காப்பீடு எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஒரு ஆளுக்கு ஆகும் பிரீமியம் பெரிய தொகையே இல்லை. பைல் மேலே போய் திரும்பி வரவில்லை. மற்றபடி பதிப்பு மூடப்படும் அபாயம் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.


பழைய_புரூஃப்:

மூடுற அபாயம் எப்பவும் உண்டுங்க. பச்சாவத் காலத்துலயும் மூடிடுவோம்னாங்க, ஆப்செட் வந்தப்பவும் மூடிடுவோம்னாங்க. அப்போ நாங்க செஞ்சது ஒண்ணுதான், கணக்கைக் காட்டுங்கன்னு கேட்டோம். சங்கத்துல ஒரு அக்கவுன்டன்ட் இருந்தார், பேலன்ஸ் ஷீட்டை வரி வரியாப் படிப்பார். உண்மையிலேயே நஷ்டம்னு தெரிஞ்ச வருஷம் போனஸைக் குறைச்சு வாங்கிக்கிட்டோம். இப்போ கம்பெனி கணக்கு ஆன்லைன்லயே கிடைக்கும்னு சொல்றாங்க. இரவுடெஸ்க் தம்பி, எத்தனை பேர்கிட்ட இந்த ரெண்டு தாளையும் நீட்டியிருக்காங்க? அவங்களை ஒண்ணாக் கூட்டுங்க. ஆபீஸ் கேன்டீன்ல வேண்டாம், வெளியில கூட்டுங்க.


இரவுடெஸ்க்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

டெஸ்க்கில் பெரும்பாலானவர்களிடம் நீட்டியிருக்கிறார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மீதிப் பேர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டீக்கடை மாடியில் உட்கார்ந்து பேசினோம். டெஸ்க்கில் இருக்கும் இரண்டு மேடம்களும் வந்தார்கள். காவிரிக்கரை எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். அதில் ஒருவர் இரண்டு மாதத்தில் திருமணம் செய்யப் போகிறவர். அதுவரை போட்டுவிடலாம் என்றிருந்தவர், அதற்குப் பிறகு போட மாட்டேன் என்றார்.

எல்லோரும் சேர்ந்து ஒரே கடிதம் எழுதியிருக்கிறோம். ராஜினாமா செய்ய எங்களுக்கு எந்தச் சொந்தக் காரணமும் இல்லை. பணி மாற்றம் அவசியம் என்றால் காரணத்தையும் விதிமுறைகளையும் எழுத்தில் தர வேண்டும், எங்கள் பணித் தொடர்ச்சி, பதவிப் பெயர், கிராஜுவிட்டி, பி.எஃப். என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான். எம்.டி.க்கு ஸ்பீடு போஸ்ட்டில் போகிறது, நகல் தொழிலாளர் உதவி ஆணையருக்கு. டிரான்ஸ்ஃபர் வந்தால் யார் போவது என்பதையும் பேசினோம். கல்யாணம் ஆகாதவர்கள் இரண்டு பேர் நாங்கள் போகிறோம் என்றார்கள்.

தாலுகா நிருபர் அண்ணே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் கடிதத்தில் தாலுகா நிருபர்களுக்கு அடையாளக் கடிதமும் விபத்துக் காப்பீடும் வேண்டும் என்று ஒரு பத்தி சேர்க்கலாமா என்று யோசித்தோம். சிலர் இப்போது வேண்டாம், நம் விஷயமே நீர்த்துவிடும் என்கிறார்கள். எனக்குச் சேர்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ராத்திரி நான் முடிக்கும் பக்கத்தில் முக்கால்வாசி உங்களைப் போன்றவர்கள் அனுப்பியது.


தாலுகா_நிருபர்:

சேர்க்காதீங்க அண்ணே. எங்க பேரை இழுத்தா, முதல்ல எங்களைத்தான் நிறுத்துவாங்க, ஒரு போன் கால் போதும். உங்க கடிதம் போகட்டும். நாங்க மாவட்டத்துல இருக்க நிருபர்கள் தனியாப் பேசிட்டு இருக்கோம், எல்லாப் பேப்பர் ஆளுங்களும் சேர்ந்து. ஒரே பேப்பர்னா ஆளைக் காட்டிக் குடுத்துடும், எல்லாரும் சேர்ந்து கேட்டா யாரைன்னு நிறுத்துவாங்க?

வக்கீல் சார், அந்த பி.ஆர்.ஓ. ஆபீஸ் பட்டியல் விஷயம் இன்னைக்கு விசாரிச்சேன். போன வருஷ பிரஸ் பாஸ் பட்டியல்ல என் பேர் இருக்குன்னு அங்க இருக்க கிளார்க் சொன்னார். நகல் குடுக்க மாட்டேங்குறார். மனு எப்படி எழுதணும்?


கோர்ட்_வளாகம்:

பொதுத் தகவல் அலுவலர், செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம், மாவட்ட ஆட்சியர் வளாகம் என்று முகவரி போடுங்கள். "2020 முதல் இந்நாள் வரை தங்கள் அலுவலகத்துக்கு இந்த நாளிதழ் நிர்வாகம் அனுப்பிய நிருபர் பரிந்துரைக் கடிதங்களின் நகல்" என்று மட்டும் கேளுங்கள். ஏன் வேண்டும் என்று காரணம் எழுதத் தேவையில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். 30 நாள் காலம் இருக்கிறது. அதற்குள் பதில் இல்லையென்றால் மேல்முறையீட்டு மனுவை நானே எழுதித் தருகிறேன்.